மன்றோ துரை சரிதம்

நம்மவர் இல்லங்களில் நிலபுலம் உடையார் எவரும் பட்டா என்னும் ஓலையைப் பெட்டியின் அடியில் வைத்துப் போற்றாதிருப்பதில்லை. திருமணப் பேச்சு, பாகப்பிரிவினை, கடன், கிரயம் ஆகிய யாவற்றினுக்கும் அதுவே முதலிற் கேட்கப்படுவது. உழுபவனுக்கும் சர்க்காருக்கும் இடையில் ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ நில்லாமல், உழுபவன் தன் பெயரால் தீர்வை செலுத்தித் தன் பெயரால் நிலத்தை அனுபவிக்கும் இம்முறைக்கு ரயத்துவாரி என்று பெயர். வங்காளத்தில் 1793ஆம் ஆண்டு முதல் ஜமீன்தார்களே நிலத்திற்கு உடையவர்களாக்கப்பட்டனர். அங்கு உழுதவன் ஜமீன்தாரின் கருணையில் வாழ்ந்தான். நம் நாட்டில் அவ்வாறு ஆகாமற் போனதற்குக் காரணர் பலர் உளர். அவருள் முதன்மையானவராக எண்ணப்படுபவர் சர் தாமஸ் மன்றோ. அவர் நிலவரி நூல் கற்று வந்தவரல்லர். துப்பாக்கி தூக்கி வந்த போர்வீரர். அவர் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கு இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம். முதியோர் சிலர் அவரைத் தெய்வமாகவே பேசுகின்றனர். இளைஞர் சிலரோ அந்நியன் வரி வாங்கினான், அதில் என்ன புகழ் என்கின்றனர். இரு சாராரும் அவர் செய்தவற்றை முழுதும் அறிந்து பேசுவதாக எமக்குத் தோன்றவில்லை.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்த வணிகர். சிறுவன் தாமஸுக்கு இளமையில் அம்மை கண்டு, அதனால் செவிப்புலன் சிறிது குறைந்தது. அக்குறை வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் பயின்றகாலை கணிதத்திலும் இரசாயனத்திலும் மனஞ்செலுத்தினார். ஸ்பெயின் நாட்டுக் கதையொன்றை மூலத்திலேயே படிக்க வேண்டுமென்னும் ஆவலால், ஆசிரியர் துணையின்றி அகராதியை வைத்துக்கொண்டே ஸ்பானிய மொழியைக் கற்றார் என்பர். மொழி கற்கும் இவ்வேட்கையே பிற்காலத்தில் அவரை மற்றத் துரைகளினின்றும் வேறுபடுத்தியது.

அமெரிக்கர் ஆங்கில அரசை எதிர்த்துச் சுதந்திரப் போர் தொடங்கவே, வர்ஜீனியா வாணிகம் நின்றது. தந்தையார் கைப்பொருளை இழந்தார். கடல் கடந்த ஒரு தேசத்தின் சுதந்திரம் ஒரு குடும்பத்தை வறியதாக்கி, அக்குடும்பத்து மகனை மற்றொரு தேசத்தின் அடிமைத்தனத்தை வளர்க்கும் படையிற் சேர்த்துவிட்டது. விதியின் விளையாட்டு இது போலும்! கும்பினியாரின் படையில் கேடட் என்னும் அடிப்படை உத்தியோகத்தைப் பெற்ற மன்றோ, 1780ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னை வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

வந்து ஆறு மாதங்கள் கழிந்தன. ஐதர் அலி பெரும் படையோடு கர்நாடகத்தில் இறங்கினார். காஞ்சிபுரத்தில் சர் ஹெக்டர் மன்றோ என்பவரின் தலைமையில் இருந்த சேனையில் நம் தாமஸ் மன்றோவும் ஒருவர். பெயர் ஒத்திருப்பினும் இருவரும் வேறு வேறானவர் என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்க. அச்சேனையோடு சேர வடக்கிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை, 1780 செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் ஐதராலும் அவர் குமாரர் திப்புவாலும் முற்றும் அழிக்கப்பட்டது. சில காத தூரத்தில் இருந்தும் பெரிய சேனை உரிய காலத்தில் உதவிக்குச் செல்லவில்லை. பீரங்கிகளைக் குளத்திற் போட்டுவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கியது. கும்பினிப் படை வெல்ல முடியாதது என்னும் மயக்கம் பதினெட்டு வயதுச் சிப்பாய்க்கு அன்றே தெளிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் இந்திய வீரரையும் இந்திய அரசரையும் இகழ்ந்து எழுதாமைக்கு அந்நாளின் அநுபவமும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. அடுத்த ஆண்டுகளில் சர் அயர் கூட்டின் கீழ்ப் பரங்கிப்பேட்டை முதலிய இடங்களிற் போர் செய்தார். 1784ஆம் ஆண்டு சமாதானம் உண்டாயிற்று.

அக்காலத்துக் கும்பினி உத்தியோகஸ்தர் பலர் சில ஆண்டுகளிலேயே குபேரராகித் தம் நாட்டுக்குத் திரும்பினர் என்று சரித்திரங்கள் கூறும். மன்றோவின் நிலை அதற்கு முழுதும் மாறானது. சம்பளம் சொற்பம், அதனிலும் ஒரு பகுதியைப் பெற்றோருக்கு அனுப்பி வந்தார். படுக்கை தலையணை முதலியனவும் செவ்வையாக இல்லாத வாழ்க்கையைப் பற்றி வீட்டிற்கு வேடிக்கையாகவே எழுதினார். கேப்டன் பதவி பெறுவதற்கு 16 ஆண்டுகள் காத்திருந்தார். அந்த ஓய்வு நாட்களில் சீட்டாடிக் காலங்கழிக்காமல் இந்துஸ்தானியையும் பாரசீகத்தையும் கற்றார். படைவீட்டில் அவ்வாறு கற்ற மொழிகளே அவருக்குப் படையினின்றும் வெளியேறும் வழியாயின.

1790ஆம் ஆண்டு திப்பு சுல்தானோடு மறுபடியும் போர் மூண்டது. இப்போரில் நம் கொங்கு நாடு பட்ட பாட்டை ஈண்டுச் சிறிது கூறாதிருத்தல் தகாது. ஜெனரல் மெடோஸ் கரூர், தாராபுரம் வழியாக வந்து கோயம்புத்தூரைக் கைக்கொண்டார். செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக மலையிறங்கி, சத்தியமங்கலத்தருகே கர்னல் பிளாய்டின் படையைத் தாக்கினார். இன்று கணபதி ஊரின் நடுவே மோட்டார்கள் ஓயாது செல்லும் சத்தி சாலை எந்தச் சத்தியமங்கலத்துக்குச் செல்கின்றதோ, அதே ஊர்தான். அடுத்த ஆண்டு திப்புவின் சேனை கோயம்புத்தூர்க் கோட்டையை முற்றுகையிட்டது. லெப்டினன்ட் சால்மர்ஸ் என்பவர் சிறு படையோடு சில மாதங்கள் காத்து நின்றார். முடிவில் 1791 நவம்பரில் கோட்டையைக் கொடுக்க நேர்ந்தது. இவ்வாறு ஈராண்டுகளுக்குள் நம் ஊர்கள் கை மாறிக் கை மாறி, வந்த சேனை ஒவ்வொன்றுக்கும் தவசமும் தீவனமும் கொடுத்தன. படைத்தலைவர் பெயர்கள் நூல்களில் உள்ளன. களஞ்சியம் வெறுமையான குடியானவர் பெயர்கள் எந்நூலிலும் இல்லை.

1792ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் இராச்சியத்திற் பாதியை விட்டுக்கொடுத்தார். பாராமகாலும் சேலமும் கும்பினியாருக்கு வந்தன. பாராமகால் என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் முதலியவை அடங்கிய நிலப்பரப்பு. அதனை ஆளச் சிவில் உத்தியோகஸ்தரை அனுப்புவதே வழக்கம். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் தேச பாஷை அறியாதவர். ஆகவே கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு, பாஷை அறிந்த இராணுவ உத்தியோகஸ்தரையே நியமித்தார். கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடு தலைவர். மன்றோ, கிரஹாம், மக்ளியோடு ஆகிய மூவரும் உதவியாளர். மன்றோ தருமபுரியில் தங்கினார்.

அங்கு ஏழாண்டுகள் வாழ்ந்தார். ஊர் ஊராகக் குதிரைமேற் சென்று, நிலத்தை அளப்பித்து, மண்ணின் தரம் பார்த்து, ஒவ்வொரு குடியானவனையும் நேரில் விசாரித்துத் தீர்வை விதித்தார். விடியற்காலை முதல் இரவு வரை குடிகள் கூட்டம் அவரைச் சூழ்ந்திருக்கும். ஒருவன் கிணறு வற்றியதென்பான். மற்றொருவன் மாடு இறந்ததென்பான். இன்னொருவன் மணியக்காரர்மேற் குறை கூறுவான். செவிப்புலன் குறைந்த அம்மனிதர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார் என்பது வியப்பன்றோ? ஓய்வு கிடைத்தபோது தருமபுரியில் தாம் வைத்த தோட்டத்தில் உலாவினார். அத்தோட்டத்தை விட்டுப் பிரிந்தபின் நெடுநாள் அதனை நினைந்து ஏங்கினார் என்று அவர் கடிதங்களால் அறிகின்றோம்.

ரயத்துவாரி முறையை மன்றோவே தனித்துக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவர். இஃது உண்மையன்று. அதற்கு வித்திட்டவர் ரீடு. நிலத்தைத் தனித்தனியே அளந்து, குடிக்கு நேரே பட்டாக் கொடுத்து, வேண்டாத நிலத்தை ஆண்டு முடிவில் விட்டுவிடவும் வேண்டிய நிலத்தை எடுத்துக்கொள்ளவும் உரிமை தருவதாக 1796இல் அறிவித்தவர் அவரே. மன்றோவோ அவ்வித்தை மரமாக்கியவர். இருவர்க்கும் முன்னரே நம் நாட்டு அரசர் காலங்களில் குடியிடம் நேராகத் தீர்வை வாங்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. அதனை அவர்கள் கண்டறிந்து ஒழுங்குபடுத்தினார்கள் என்பதே பொருந்தும். உள்ளூர் வழக்கத்தைக் கேட்டறியாமல் இங்கிலாந்திலிருந்து சட்டத்தைச் சுமந்து வருபவரை மன்றோ என்றும் மதித்ததில்லை.

1799இல் நான்காம் மைசூர்ப் போர் வந்தது. மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். இராச்சியத்தைப் பங்கிட நியமிக்கப்பட்ட குழுவுக்கு மன்றோவும் ஜான் மால்கமும் காரியதரிசிகள். அப்பங்கீட்டில்தான் கோயம்புத்தூர் நாடு கும்பினியார் வசமாயிற்று. நம் நாட்டின் வடபகுதிக்கு முதற் கலெக்டராக வந்தவர், பாராமகாலில் மன்றோவோடு பணிசெய்த மக்ளியோடே. ரீடின் கல்விச்சாலையிற் பயின்ற முறையே இங்கும் வந்தது என்க.

மன்றோவுக்குக் கன்னட ஜில்லா கிடைத்தது. ஓயாத மழையும், முந்தைய தீர்வையைப் பற்றிய வழக்குகளும் அவரை வருத்தின. ஒன்றரை ஆண்டுக்குள் மாற்றம் வேண்டினார். 1800ஆம் ஆண்டு நிஜாம் கும்பினியாருக்குக் கொடுத்த பல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் முதலிய தத்த மண்டலத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கு 80 பாளையக்காரர்கள் தத்தம் கோட்டைகளில் தனியரசு செலுத்தினர். மன்றோ அவர்களிற் பலரை அடக்கியும், சிலருக்கு உதவிச்சம்பளம் அளித்தும், சிலரை நாடு கடத்தியும் நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஏழாண்டுகளிற் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்தார். கையில் ஆயுதமின்றி, காவற்படையின்றிக் கிராமங்களுக்குச் செல்வதே அவர் வழக்கம். அந்நாட்டுக் குடிகள் அவரை முனிவர் ஒருவரின் பெயரிட்டு அழைத்தனர் என்றும், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தனர் என்றும் கூறுவர். மந்திராலயத்தில் ஸ்ரீராகவேந்திர சுவாமிகள் பிருந்தாவனத்தினின்றும் எழுந்து அவரோடு பேசினார் என்ற கதையையும் பக்தர்கள் இன்றும் சொல்கின்றனர். கதையை ஆராய்வது எம் வேலையன்று. ஓர் அந்நிய கலெக்டரைப் பற்றி அத்தகைய கதை பிறந்ததே கருதத்தக்கது.

இங்ஙனம் மன்றோ வடக்கே புகழ் பெற்று நின்ற அதே 1805ஆம் ஆண்டில், சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கிலிட்டனர். பாளையக்காரரை அடக்கிக் குடிகளிடம் நேரே தீர்வை வாங்குவது கும்பினியாரின் கொள்கை. அதன் ஒரு பக்கம் பட்டா, மறுபக்கம் தூக்குமரம். சின்னமலையைத் தூக்கிலிட்டதில் மன்றோவுக்குத் தொடர்பில்லை. ஆயினும் கொங்கு நாட்டிற் பிறந்த நாம் மன்றோவின் சரிதத்தைப் படிக்கும்போது சங்ககிரியை மறந்து படித்தல் இயலாது.

மன்றோவின் முறையில் ஒரு பெருங்குறை தீர்வையின் அளவே. முந்தைய அரசர் வாங்கியதாகக் கணக்கில் எழுதியிருந்த தொகையை அடிப்படையாகக் கொண்டதால் விகிதம் மிக உயர்ந்திருந்தது. விளைவிற் பாதிக்கு அருகில் சர்க்காருக்குப் போயின், குடியானவன் எவ்வாறு பிழைப்பான்? இதனை மன்றோ உணராமலில்லை. 1807இல் விடை பெறுமுன், தீர்வையில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டும் என்றும், தோட்டக்கால் நிலங்களுக்கு நூற்றுக்கு 33 பங்கு வரை குறைக்க வேண்டும் என்றும் எழுதினார். கும்பினியார்க்கு அப்போது போர்ச் செலவும் பணமுடையும் மிகுதி. குறைக்க மனம் வரவில்லை. அன்றியும் ரயத்துவாரியையே நிறுத்திவிட்டு, கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டனர். சேலத்திலும் பாராமகாலிலும் அதற்கு முன்னரே, 1802 முதல், நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றிருந்தனர். மிட்டாதார் பலர் தவணை கட்டவியலாமல் அழிந்தனர்; அவருக்குக் கீழ்ப்பட்ட குடிகளும் அழிந்தனர். மன்றோவும் ரீடும் பாராமகாலில் ஏழாண்டு உழைத்துக் கட்டியது சில ஆண்டுகளிற் சிதைந்தது.

தோட்டக்கால் என்பதைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. ஆறு குறைந்த நம் நாட்டில் கிணறே உயிர். பாறையை உடைத்து, கவலை பூட்டி, தலைமுறையின் சேமிப்பையெல்லாம் மண்ணுக்குள் இறைத்துக் கிணறு வெட்டினவன்மேல், கிணறு வெட்டின குற்றத்துக்காகவே அதிக தீர்வை விதித்தால் யார் வெட்டுவர்? மன்றோ தோட்டக்காலுக்குத் தனிக் குறைப்பு வேண்டியது இவ்வுண்மையை அறிந்தே. குடியானவன் தன் பொருளாற் செய்த அபிவிருத்திக்கு மேல்வரி கூடாது என்ற கொள்கை சென்னை இராஜதானியில் நிலைபெற்றது அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னரே.

தாயகம் சென்ற மன்றோ அங்குச் சும்மாயிருக்கவில்லை. 1813இல் கும்பினியாரின் சாசனத்தைப் புதுப்பிக்கும் சமயம் பார்லிமெண்டுச் சபையில் அவரைச் சாட்சியாக விசாரித்தனர். இந்தியர் நாகரிகமற்றவர், ஆங்கிலச் சரக்கும் ஆங்கிலப் பழக்கமும் அவர்களைத் திருத்தும் என்பது அங்கிருந்தோர் பலரின் எண்ணம். மன்றோ அதனை ஒப்பவில்லை. உழவிலும் கைத்தொழிலிலும் இந்தியர் சிறந்தவர். கிராமந்தோறும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. விருந்தோம்பலும் பெண்டிரை மதித்தலும் உடையவர். நாகரிகம் என்பது சரக்காக இரு தேசங்களுக்கிடையே விற்கப்படுமாயின் இங்கிலாந்தே அதனை இறக்குமதி செய்து இலாபமடையும் என்று சாட்சி சொன்னார். பரங்கிப்பேட்டையிலும் தருமபுரியிலும் வாழாதவர் வாயில் இச்சொல் வந்திராது.

1814இல் ஜேன் காம்பல் என்னும் மங்கையை மணந்து, நியாயபரிபாலனத்தைச் சீர்திருத்தும் கமிஷனுக்குத் தலைவராய் மீண்டும் சென்னை வந்தார். இக்காலத்தில்தான் நம் கோயம்புத்தூரோடு அவருக்கு நேர்த் தொடர்பு உண்டாயிற்று. கோயம்புத்தூர்க் கலெக்டர் கச்சேரியில், கஜானாவின் தலைமை உத்தியோகஸ்தர் தம் கீழுள்ளார் பலரைச் சேர்த்துக்கொண்டு, பல ஆண்டுகளாகச் சர்க்கார் பணத்தையும் குடிகளின் பணத்தையும் அபகரித்து வந்தார். கலெக்டர் அவர்மீது வைத்த கண்மூடித்தனமான நம்பிக்கையே அதற்கு இடந்தந்தது. குடிகள் யாரிடம் முறையிடுவர்? முறையீட்டை வாங்குபவரும் அக்கூட்டத்தாரே. மன்றோவும் ஜான் சலிவனும் இதனை விசாரித்து 1816இல் அறிக்கை அளித்தனர். சலிவன் இவ்வூர்க் கலெக்டராகி நீலகிரி மலைமேல் ஏறி உதகமண்டலத்தை உண்டாக்கிய வரலாற்றை நம் சிறுவரும் அறிவர். இவ்விசாரணையின் மூலமாகவும் பிற அநுபவத்தாலும் மன்றோ ஒன்றைத் தெளிந்தார்: இந்திய உத்தியோகஸ்தருக்கு அற்பச் சம்பளமும், ஐரோப்பியருக்குப் பெருஞ்சம்பளமும் கொடுத்து, உயர்பதவிக்கு வழியையும் அடைத்துவிட்டு, பின்பு இந்தியர் கையூட்டு வாங்குகின்றனர் என்று பழித்தல் நியாயமன்று. கையூட்டை அவர் மன்னித்தாரில்லை. காரணத்தை மறைக்கவும் விரும்பினாரில்லை.

கமிஷனின் பயனாக 1816இல் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. போலீசு அதிகாரம் நியாயாதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாற்றப்பட்டது. கிராமத் தலைவருக்குப் பத்து ரூபாய்க்குட்பட்ட வழக்கைத் தீர்க்கும் முன்சீப் அதிகாரம் தரப்பட்டது, பஞ்சாயத்துகளுக்கும் இடந்தரப்பட்டது. கிராம முன்சீப், கர்ணம் என்று நம் ஊர்களில் பரம்பரையாக வழங்கிய உத்தியோகங்கள் 1980இல் ஒழிக்கப்படும் வரை அந்நிழல் நம்மேல் இருந்தது. அவ்வுத்தியோகத்தால் ஊர் பெற்ற நன்மையும், ஒரு வீட்டார் கையில் ஊர் அகப்பட்ட தீமையும் நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கிராமத்தாரே கிராமத்தை ஆளவேண்டும் என்ற மன்றோவின் எண்ணம் நல்லதே. கிராமத்தாருள்ளும் மெலியார் உண்டு, வலியார் உண்டு என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை என்பது எம் துணிபு.

1817இல் மராட்டியப் போர் எழவே, 56 வயதில் மறுபடியும் வாளேந்தினார். சொற்பப் படையோடு தென்மராட்டிய நாட்டின் கோட்டைகளைக் கைக்கொண்டார். ஊரார் பலர் தாமே முன்வந்து அவரோடு சேர்ந்தனர். இதனால் சர் பட்டமும் மேஜர் ஜெனரல் பதவியும் கிடைத்தன. 1820ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைக் கவர்னராக அமர்ந்தார். 40 ஆண்டுகட்கு முன் கேடட்டாகக் கரையிறங்கிய அதே கோட்டையில் இப்போது கவர்னர். ரயத்துவாரியை மீண்டும் நிலைநாட்டும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. இம்முறை தீர்வையைக் குறைத்தே நிலைநாட்ட முயன்றார்.

பள்ளியாசிரியராகிய எமக்கு மன்றோவின் செயல்களில் மிகவும் இனியது 1822ஆம் ஆண்டு அவர் நடத்திய கல்வி விசாரணை. ஜூன் மாதத்தில் ஒவ்வொரு கலெக்டருக்கும் உத்தரவு அனுப்பி, ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணாக்கர், எந்தெந்த ஜாதியார் என்பவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். விடைகள் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. இராஜதானி முழுதும் 12,498 பள்ளிகள். மாணாக்கர் 1,88,650 பேர். அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540. கோயம்புத்தூர் ஜில்லாவில் 763 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. வீட்டிலேயே கற்போரையும் சேர்த்தால், ஆண் சிறுவருள் மூன்றிலொரு பங்கினர் கல்வி பெறுகின்றனர் என்று மன்றோ மதித்தார். அக்காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் நிலையினும் இது தாழ்ந்ததன்று என்பதும் அவர் கருத்து. திண்ணைப் பள்ளிக்கூடங்களை இகழ்பவர் இக்கணக்கைப் படிக்க வேண்டும். அதே கணக்கில் பெண்மக்களின் தொகையையும், தாழ்த்தப்பட்ட மக்களின் தொகையையும் படித்து நாம் தலைகுனியவும் வேண்டும். இரண்டும் ஒரே தாளில்தான் எழுதப்பட்டுள்ளன.

கணக்கெடுத்ததோடு நில்லாமல், ஜில்லாவுக்கு இரண்டு உயர்பள்ளிகளும் தாலூகாவுக்கு ஒரு பள்ளியும் வைக்கவேண்டுமென்று 1826இல் திட்டமிட்டார். ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாலூகா ஆசிரியருக்கு 9 ரூபாய். ஒன்பது ரூபாய்க்குச் சிறந்த ஆசிரியர் வருவாரோ என்று அன்றே சிலர் ஐயுற்றனர். பிள்ளைகள் கொடுக்கும் கட்டணமும் சேரும் என்பது மன்றோவின் விடை. ஆசிரியர் சம்பளத்தைப் பேசும்போது மாத்திரம் சர்க்கார்கள் எல்லாம் ஒரே குரலிற் பேசும் போலும்! மன்றோ மறைந்தபின் அப்பள்ளிகளைக் கவனிப்பாரில்லை. பத்தாண்டுக்குள் அவை மூடப்பட்டன.

1824 டிசம்பர் 31ஆம் தேதி அவர் எழுதிவைத்த நீண்ட குறிப்பு அவர் உள்ளத்தைக் காட்டும். இந்தியரை உயர்ந்த உத்தியோகங்களினின்று விலக்கி வைத்தல் அவர்களை இழிவுபடுத்தும். எந்த இனத்தாரும் தம் நாட்டாட்சியிற் பங்கின்றி நற்குணத்தை நெடுநாள் காக்கவியலாது. இந்தியர் தாமே தம்மை ஆளும் தகுதி பெறும் நாளில் ஆங்கிலேயர் ஆட்சியை மெல்ல விட்டு நீங்குவதே இரு நாட்டினர்க்கும் நன்று என்பன அதன் கருத்துக்கள். இவ்வாறு எழுதினவர், அதற்கு ஈராண்டு முன்னர், பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் அளித்தலாகாது என்றும் எழுதியுள்ளார். சுதந்திரமான பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஓரிடத்தில் நெடுங்காலம் ஒன்றாக வாழா என்பது அவர் கூறிய காரணம். கொள்கையால் நாம் அதனை ஏற்கோம். ஆனால் அந்நியராட்சியின் இயல்பை அவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆட்சியாளர் அவர் காலத்தில் மிகச் சிலரே.

அவர் நாட்டிய முறையின் பிற்கால வரலாற்றையும் மறைத்தலாகாது. இடையில் ஜமீன்தார் இல்லாதபோது, குடியானவன் தாசில் சேவகனின் கையிலேயே நேராக அகப்பட்டான். தீர்வை வசூலிக்கக் குடிகளை வெயிலில் நிறுத்தியும், குனிய வைத்தும், விரல்களை இறுக்கியும் வதைத்த கொடுமைகளை 1855இல் சென்னையில் அமைந்த சித்திரவதை விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. மன்றோ இறந்து 28 ஆண்டுகள் ஆனபின்! ஊர் ஊராகச் சென்று கேட்கும் செவியுள்ள கலெக்டர் இருந்தால் அம்முறை நன்கு நடந்தது. அவ்வாறு கேளாதவர் கையில் அதுவே கொடுங்கருவியாயிற்று. பட்டாப் பெற்ற நம் முன்னோர் அதற்காக என்ன விலை கொடுத்தார்கள் என்பதை அக்குழுவின் அறிக்கை படித்தார் அறிவர். எனினும் சுதந்திரம் வந்தபின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்ட இடங்களையும், தேவைப்படாத நம் ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், அவ்விலை வீண்போயிற்று என்றும் சொல்லார். கணபதியைச் சுற்றிச் சோளக்காடுகளாயிருந்தவை பட்டறைகளாகவும் மனைகளாகவும் மாறிய காலத்தில், பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் முதலாயிருந்தது அந்நிலத்தின்மேல் அவர்களுக்கிருந்த பட்டாவே.

மன்றோ 1824ஆம் ஆண்டே தாயகம் செல்ல விரும்பினார். பர்மியப் போர் மூண்டதால் தங்கினார். 1826இல் மனைவியார் நோயுற்ற இளைய மகனை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். தமக்கு அடுத்த கவர்னர் வரும் நாளை எதிர்நோக்கியிருந்த மன்றோ, தாம் முன்பு உழைத்த தத்த மண்டலத்துக் குடிகளை இறுதியாக ஒருமுறை காண விரும்பி 1827 கோடையில் வடக்கே புறப்பட்டார். அப்பக்கங்களில் வாந்திபேதி பரவியிருந்தது. ஜூலை 6ஆம் தேதி காலையில் பத்திகொண்டா என்னும் ஊரிற் கூடாரத்தில் அந்நோய் அவரைப் பற்றியது. அன்றிரவே உயிர் நீங்கிற்று. வயது 66.

உடலைக் குத்தி மலைக்கோட்டையடியில் அடக்கம் செய்தனர். நான்காண்டு கழித்து எலும்புகளைச் சென்னைக்குக் கொணர்ந்து கோட்டையிலுள்ள மேரி கோயிலில் வைத்தனர். அவர் இறந்த பத்திகொண்டாவில் வழிப்போக்கர்க்காகக் கிணறும் தோப்பும் அமைக்கப்பட்டன. சென்னையில் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்த அவர் வெண்கலச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. சான்ட்ரி என்னும் சிற்பி செய்த அச்சிலையில் குதிரைக்குச் சேணமுமில்லை, கால்வைக்கும் அங்கவடியுமில்லை. சென்னைக்குச் செல்லும் நம் அன்பர்கள் அதனை இன்றும் காணலாம்.